பத்தாம் நம்பர் செருப்பு

திருமங்கலம்,
14.11.2024

அன்புத் தம்பி ஜூடுக்கு,

அக்கா ஆனிமேரி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் நலம். நீ கப்பலேறிய நாளிலிருந்து உனக்கு வாந்தி நின்றதா, சோறு கிடைக்கிறதா என்பதுதான் வீட்டில் பேச்சு. நடுக்கடலுக்குப் படம் போகாது, எழுத்து மட்டும்தான் போகும் என்று சொல்லிவிட்டாய். அதனால் மெயிலில் கடிதமாகவே எழுதுகிறேன். பள்ளி ஆபீசில் இத்தனை வருஷம் அடுத்தவர்களுக்காகத் தட்டிய விரல், இப்போதுதான் சொந்த வேலைக்கு உதவுகிறது.

நீ செய்து கொடுத்த வெப்சைட் கண்ணுக்கு அழகாக இருக்கிறது. மேலே 'பத்தாம் நம்பர்' என்று பெரிய எழுத்து. கீழே 'பெரிய பாதமுள்ள பெண்களுக்கான செருப்பு'. குறை ஒன்றே ஒன்றுதான். அதை நான் மட்டும்தான் பார்க்கிறேன்.

உன் சிநேகிதன் ஜோ செல்லூரில் தன் செருப்புப் பட்டறையில் என் கால் அளவுக்கு மரத்தில் அச்சுக்கட்டை செதுக்கி வாங்கி, முதல் ஜோடியைத் தைத்தும் கொடுத்துவிட்டான். அரக்கு நிறம், மெல்லிய வார், நடுவில் முத்து வைத்த பூ. ஏழாம் வகுப்பில் என் கால் கடையைத் தாண்டி வளர்ந்தது. அன்றிலிருந்து பட்டுச்சேலை கட்டினாலும் கீழே கறுப்பு ஆம்பளைச் செருப்புதான். கடைக்காரர், "அண்ணனுக்காம்மா?" என்று கேட்பார். நானும் ஆமாம் என்று தலையாட்டி வாங்கி வருவேன். ஜோ தைத்ததைப் போட்டுக்கொண்டு செல்லூர்ச் சந்தில் குனிந்து காலையே பார்த்து நடந்ததில் ஒரு ஆட்டோக்காரரிடம் நன்றாக ஏச்சு வாங்கினேன். அந்த ஏச்சுகூட அன்றைக்கு இனித்தது.

ஆனால் ஜோ ஒரு கெடு வைத்திருக்கிறான். "அக்கா, பட்டறைல எடம் இல்ல. ஈஸ்டருக்குள்ள முப்பது ஜோடிக்கு ஆள் வரணும். இல்லாட்டி இந்த அச்சைக் குடுத்துட்டு ஸ்கூல் ஷூ அச்சு எடுத்துருவேன்" என்கிறான். அவன் மேல் தப்பில்லை. அந்த அச்சு போனால் நான் மறுபடியும் அண்ணனுக்குச் செருப்பு வாங்கப் போக வேண்டியதுதான். விளம்பரத்துக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் கிடையாது. கப்பலுக்கு முன்னால் விளம்பரக் கம்பெனியில் இதே வேலை பார்த்தவன் நீ. காசில்லாமல் ஊருக்குச் சொல்ல வழி சொல்லு.

அம்மாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "பொம்பளைக காலைக் காட்டிக் கடை விரிக்கணுமாடி?" என்கிறாள். அவள் குதிகால் வெடிப்பு இந்த முறை அதிகம். எண்ணெய் தடவச் சொன்னால் கேட்பதில்லை. கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லாரும் போன பிறகு எழுந்து வரும் பழக்கமும் மாறவில்லை. ஜெபம் முடியவில்லையாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாசத்துடன்,
அக்கா

*

கடலில்,
1.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வாந்தி நின்றுவிட்டது என்று அம்மாவிடம் சொல். சோறு கிடைக்கிறது, சாம்பார் என்று ஒன்று ஊற்றுகிறார்கள், அதைப் பற்றிக் கடிதத்தில் எழுத வேண்டாம். உன் கால் நலமா? வேறு யாரிடமும் நான் இப்படிக் கேட்டதில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். உனக்கு ஊர் முழுக்கத் தேவையில்லை. லட்சம் பேர் பார்த்து ஒருத்திகூட வாங்காத வெப்சைட்டுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். உனக்கு வேண்டியது முப்பது பேர், ஆனால் சரியான முப்பது பேர். அவர்கள் போனில் எந்த வார்த்தையைப் போட்டுத் தேடுவார்களோ அந்த வார்த்தையை வெப்சைட்டில் எழுது. 'எலிகண்ட் ஃபுட்வேர்' என்று எவளும் தேட மாட்டாள். 'லேடீஸ் செருப்பு பெரிய சைஸ் மதுரை' என்று எழுது. ஜோவின் பட்டறையை மேப்பில் ஏற்று, அதற்குக் காசு கேட்க மாட்டார்கள். உன் ஆட்கள் ஏற்கெனவே எங்கே கூடுகிறார்கள் என்று பார்த்து அங்கே போய்ப் பேசு. வாட்ஸ்அப்பில் ஏதாவது குரூப்பில் ஆரம்பி.

ஜோவிடம் முகத்தைத் தூக்காதே. அவன் நல்லவன், இடம்தான் சின்னது.

இப்படிக்கு,
சம்பளமில்லாத விளம்பர மேனேஜர் ஜூடு

*

திருமங்கலம்,
10.12.2024

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ மட்டும் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருந்தால் நலமாக இருந்திருக்க மாட்டாய்.

குரூப்பில் ஆரம்பி என்றாய். எனக்குத் தெரிந்த பெரிய குரூப் நம் குடும்பக் குரூப்தான். வெப்சைட்டைப் போட்டு, 'நம்ம குடும்பத்துல பெரிய கால் இருக்கிறவங்க வெக்கப்படாம ஆர்டர் பண்ணுங்க' என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். யார் யாருக்கு என்று எனக்குத் தெரியுமே என்ற உற்சாகத்தில் திண்டுக்கல் பெரியம்மா பேரையும் அவர் மகள் பேரையும் சேர்த்துப் போட்டுவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு நிச்சயம் பண்ணியிருக்கிறார்கள் என்பதும், மாப்பிள்ளையைப் போன வாரம்தான் குரூப்பில் சேர்த்தார்கள் என்பதும் அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

பெரியம்மா உடனே குரூப்பை விட்டு வெளியேறினார். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டு, "ஒம் மக எம் மக காலை அளந்து ஊருக்குப் போட்டுட்டா" என்று அழுதார். அம்மா கிறிஸ்துமஸுக்குச் சுட்டு வைத்த அச்சு முறுக்கில் பாதியைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினாள். திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மேப்பில் ஏற்றிவிட்டேன். வார்த்தைகளையும் மாற்றிவிட்டேன். இதுவரை ஆர்டர் ஒன்று. அதுவும் நான் எனக்கு வீட்டுக்குள் போட்டுக்கொள்ளச் சொன்னது. அதை ஜோ கணக்கில் சேர்க்க மாட்டானாம்.

கிறிஸ்துமஸுக்குக் கேக் உண்டா அங்கே?

அக்கா

*

கொழும்புத் துறைமுகம்,
28.12.2024

அன்புள்ள அக்கா,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்து, பிந்தித்தான் வருகிறது. கேக் உண்டு. உன் கடிதத்தை இன்ஜின் ரூமில் படித்துச் சிரித்ததில் எங்கள் சீஃப் இன்ஜினியர் பயந்துபோய் எனக்குக் கரண்டு அடித்துவிட்டது என்று நினைத்துவிட்டார். மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று எழுதவே இல்லையே.

இன்று துறைமுகத்தில் நெட் கிடைத்தது. உன் வெப்சைட்டுக்கு யார் வந்தார்கள், எதைப் பார்த்தார்கள் என்று உள்ளே போய்ப் பார்த்தேன். அக்கா, ஆட்கள் வருகிறார்கள். நீ நினைப்பதைவிட அதிகம். ஒவ்வொரு செருப்பையும் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். ஆர்டர் பக்கம் வரை வருகிறார்கள். அங்கே முதல் கேள்வியே 'உங்கள் பெயர்' என்று இருக்கிறது. அதைப் பார்த்ததும் போய்விடுகிறார்கள்.

தப்பு என்னுடையது. இது புடவை இல்லை. பேரைச் சொல்லிவிட்டு அளவைச் சொல்ல நம் பெண்களுக்குக் கூசுகிறது. அதை மாற்றிவிட்டேன். முதலில் பாதத்தின் நீளம், அகலம். பிறகு நிறம். கடைசியில்தான் பெயர். அதுவும் எந்தப் பெயர் வேண்டுமானாலும் போடலாம், யார் பெயரில் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறேன்.

இதே காரணத்தால் உன் ஆட்கள் ஒருவரும் இதை ஷேர் பண்ண மாட்டார்கள், லைக் போட மாட்டார்கள். கூடுகிற இடத்துக்குப் போ என்று சொன்னேன் இல்லையா? அது போனுக்குள்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அதை நீதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அம்மாவுக்கு என் முத்தம்.

ஜூடு

*

திருமங்கலம்,
22.1.2025

அன்புத் தம்பி,

உட்கார்ந்து படி. நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில்.

கண்டுபிடித்துவிட்டேன். நேற்று செவ்வாய்க்கிழமை. அந்தோணியார் நவநாள் பூசைக்குப் போயிருந்தேன். மழை வரும்போல் இருந்ததால் ஜோ தைத்ததை வீட்டில் வைத்துவிட்டுப் பழைய கறுப்புச் செருப்பில் போனேன். பூசை முடிந்து பெண்கள் பக்கத்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்த பிறகுதான் தெரிந்தது. அது என்னுடையது இல்லை. அதே கறுப்பு, அதே அளவு, ஆனால் கட்டைவிரல் பக்கம் புதுத் தையல்.

திரும்பி ஓடினேன். எதிரே நல்ல உயரமாக ஒரு பெண் என் செருப்பைப் போட்டுக்கொண்டு வேகமாக வந்துகொண்டிருந்தாள். நடுரோட்டில் இரண்டு பேரும் நின்று ஒருத்தி காலை ஒருத்தி பார்த்தோம். பிறகு சிரித்த சிரிப்பில் டீக்கடையே எங்களைத் திரும்பிப் பார்த்தது. அவள் பேர் ஜெயக்கொடி. செக்கானூரணி பக்கம், விவசாயக் குடும்பம், ஊரில் பால் சொசைட்டி செயலாளர். நம் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டுதலுக்கு வருகிறவள்.

யோசித்துப் பார், ஜூடு. நம் கோயிலில் ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு ஒரு வாசல். செருப்பை அந்தந்த வாசலில்தான் விடுகிறோம். பெண்கள் வாசலில் ஒரு பெரிய ஆம்பளைச் செருப்பு கிடந்தால் அது யாருடையது? என்னை மாதிரி ஒருத்தியுடையது. நாங்கள் திரும்பிப் போய்ப் பார்த்தபோது இன்னும் மூன்று ஜோடி கிடந்தன. இத்தனை வருஷமாக அந்த வாசலைத் தாண்டி உள்ளே போகிறேன், வெளியே வருகிறேன். என் செருப்பைத் தவிர எதையும் பார்த்ததில்லை.

நான் வாசலில் நின்று அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். ஜெயக்கொடி தலையில் அடித்துக்கொண்டாள். "வாயைத் தொறந்து கேட்டா எவளும் ஒத்துக்க மாட்டா அக்கா. எங்க வீட்டுக்காரரோடதும்பா. நானே அப்படித்தான் சொல்லுவேன். ஒரு சீட்டு எழுதிச் செருப்புக்குள்ள வச்சுட்டு வந்துருவோம். தனியா எடுத்துப் படிச்சுக்கிறட்டும்."

உன் கம்பெனியில் இவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்க வேண்டும்.

நாங்கள் நலம். நீ?

அக்கா

*

கடலில்,
9.2.2025

என் அருமை அக்காவுக்கு,

நலமோ நலம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஜெயக்கொடி அக்காவுக்கு ஒரு சல்யூட். இரண்டு வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து 'நம்ம வாடிக்கையாளர் எங்கே' என்று தேடியவன் நான். செருப்புக் குவியலில் தேடத் தோன்றவில்லை.

சீட்டில் நிறைய எழுதாதே. வெப்சைட் பேர், அதற்கு மேல் ஒரே ஒரு வரி. அந்த வரி விளம்பரம் மாதிரி இருக்கக் கூடாது. நீ ஜெயக்கொடியைப் பார்த்து நடுரோட்டில் என்ன சொல்லியிருப்பாயோ அது மாதிரி இருக்கட்டும்.

இன்னொன்று. வாங்கியவர்களிடம் இரண்டு வரி எழுதிக் கேள். முன்னே பின்னே தெரியாத ஒருத்தி 'நானும் வாங்கினேன்' என்று சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வரும். நீ எம்புட்டு எழுதினாலும் அது வராது.

அம்மா திண்டுக்கல் கோபம் தணிந்தாளா?

ஜூடு

*

திருமங்கலம்,
16.3.2025

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம். பதில் எழுத ஒரு மாதம் ஆக்கிவிட்டேன், கோபிக்காதே. ஊர் ஊராகச் செருப்புப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

சீட்டில் நான் எழுதியது இதுதான்: 'அக்கா, உங்க கால் பெருசு இல்லை. கடைதான் சின்னது.' கீழே நம் வெப்சைட் பேர். இங்கே நம் கோயில், ஜெயக்கொடியின் பால் சொசைட்டி வாசல், அவர்கள் ஊர் அம்மன் கோயில் வாசல் எல்லாம் வைத்தோம். மெல்ல மெல்ல ஆர்டர் வந்தது. பேர்கள்தான் வேடிக்கை. ஒருத்தி 'தெரிந்தவர்' என்று போட்டிருந்தாள். ஒருத்தி நடிகை பேர் போட்டாள்.

முதன்முதலில் சொந்தப் பேரோடு இரண்டு வரி எழுதியவர் மீனா. மதுரையில் கல்யாண வீடுகளுக்குச் சமையல் எடுத்துச் செய்யும் திருநங்கை. அவருக்கு யாரும் சீட்டு வைக்கவில்லை. 'லேடீஸ் செருப்பு பெரிய சைஸ் மதுரை' என்று அவரே தேடி வந்தார். 'நான் பொம்பளைச் செருப்புதான் போடுவேன்னு கடை கடையா நின்னேன். இங்கதான் என் காலுக்கு வாசல் தொறந்துச்சு' என்று எழுதி, கீழே பேரும் போட்டார். அதைப் படித்து நான் ஆபீசிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் எழுதிய பிறகு மற்றவர்களும் நிஜப் பேர் போட ஆரம்பித்தார்கள்.

இனி மேலூர்க் கதை. போன ஞாயிறு அங்கே கோயிலில் தவக்காலத் தியானம். பல ஊர்ச் சனம் வரும் என்று நானும் ஜெயக்கொடியும் மாட்டுத்தாவணியில் பஸ் பிடித்துப் போனோம். பெண்கள் பக்கத்து வாசலில் பெரிய ஆம்பளைச் செருப்பு வரிசையாக ஐந்து ஜோடி. எனக்குக் கை கால் ஓடவில்லை. எல்லாவற்றிலும் சீட்டு வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக உள்ளே போய் உட்கார்ந்தோம்.

அந்தக் கோயிலில் சாமியார்கள் பூசை உடுப்பு மாட்டும் அறைக்கும் அதே வாசல்தான் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? ஐந்தும் தியானம் கொடுக்க வந்த ஃபாதருடையதும் அவரோடு வந்த உபதேசியார்களுடையதும். பூசைக்கு முன்னால் யாரோ சீட்டை எடுத்துக் கொண்டுபோய் ஃபாதரிடம் கொடுத்திருக்கிறார்கள். கடைசியில் அறிவிப்பு வாசிக்கும் நேரத்தில் ஃபாதர் மைக்கில், "எனக்கு ஒரு கடிதம் வந்திருக்குது" என்று சீட்டை அப்படியே வாசித்தார். "யார் எழுதினீங்கன்னு தெரியல. ஆனா நான் அக்கா இல்ல" என்றார். கோயிலே குலுங்கியது. நான் தரையில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தேன்.

ஜெயக்கொடி எழுந்து நின்றுவிட்டாள். "சாமி, அது நாங்க வச்சது. ஆம்பளச் செருப்புப் போட்டு வார பொம்பளைகளுக்கு வச்சோம். ஒங்க செருப்பு இந்தப் பக்கம் கெடந்தா நாங்க என்ன செய்ய?" என்றாள். ஃபாதர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சீட்டை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு அந்த வரியையும் வெப்சைட் பேரையும் நிறுத்தி, தெளிவாக, இரண்டு தடவை வாசித்தார். வெளியே வந்தபோது பெண்கள் ஒவ்வொருத்தராக எங்கள் பக்கம் ஒதுங்கினார்கள். அதில் ஒரு கன்னியாஸ்திரி, "கறுப்புல கிடைக்குமா, பூ இல்லாம?" என்று காதோடு கேட்டார்.

ஒரே வாரத்தில் கணக்கு இருபத்தாறு ஆகிவிட்டது. ஜோ பட்டறையில் கூடுதலாக ஒரு விளக்கு மாட்டியிருக்கிறான்.

சேதி அம்மாவுக்கு நான் சொல்வதற்கு முன்பே எட்டிவிட்டது. மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டே, "சாமியாரு மைக்ல என்னன்னு படிச்சாரு?" என்று கேட்டாள். சொன்னேன். "கடைதான் சின்னது" என்று வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உன் வேலை எப்படிப் போகிறது?

அக்கா

*

சிங்கப்பூர்த் துறைமுகம்,
18.3.2025

அன்பு அக்கா,

சுகம். மேலூர் ஃபாதருக்கு இலவசமாக ஒரு ஜோடி அனுப்பு. எந்தக் கம்பெனியும் வாங்க முடியாத விளம்பரம் அது.

இன்று கரையிறங்கி வீட்டுக்குப் போன் போட்டேன். நீ பள்ளியில் இருந்தாய். அம்மாவோடு வெகுநேரம் பேசினேன். நன்றாக இருக்கிறாள்.

கரும்பச்சை நிறத்தில் தைக்க முடியுமா என்று ஜோவைக் கேட்டுச் சொல். முத்து வேண்டாம், பூ இருக்கட்டும். சும்மாதான் கேட்கிறேன்.

ஜூடு

*

திருமங்கலம்,
2.4.2025

ஜூடுக்கு,

நலம். உன் மேல் எனக்குக் கோபம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கணக்கு இருபத்தொன்பதில் வந்து நின்றது. ஈஸ்டர் நெருங்குகிறது, ஒன்று குறைகிறது. அந்த நேரத்தில் முப்பதாவது ஆர்டர் வந்தது. பெயர் முத்துத்தாய், திருமங்கலம். நம் பக்கத்து வீட்டு முத்துத்தாய் அத்தை. நிறம் கரும்பச்சை. நீளம், அகலம் இரண்டும் நூல் பிடித்தாற்போல் என் கால் அளவு.

ஜோ நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். "அக்கா, ஒண்ணு கொறையுதுன்னு நீங்களே போட்டுக்கிட்டீகளா?" என்றான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, பாவமாகக் கேட்டான். அதுதான் தாங்க முடியவில்லை. நான் நிரூபிக்கிறேன் என்று முத்துத்தாய் அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தையின் பாதம் உனக்குத் தெரியுமே, சின்னப்பிள்ளைச் செருப்பு போதும் அவருக்கு. நீங்களா ஆர்டர் போட்டீர்கள் என்றதும், "ஆமாண்டி, நாந்தான்" என்று முந்தானையை வாயில் வைத்துச் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்போதுதான் உன் கரும்பச்சை ஞாபகம் வந்தது. எனக்கு உதவுவதாக நினைத்து நீதான் இந்தப் பொய் ஆர்டரைப் போட்டிருக்கிறாய். ஜெயக்கொடி, மீனா, அந்தக் கன்னியாஸ்திரி எல்லாரும் நிஜக் காலோடு வந்தவர்கள். அவர்களோடு ஒரு பொய்க்காலைச் சேர்த்து அச்சைக் காப்பாற்ற எனக்கு விருப்பமில்லை. இல்லை என்று சொல், நம்புகிறேன்.

அக்கா

*

கடலில்,
9.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கோபத்தோடு நலமாக இருப்பது கண்டு மகிழ்ச்சி.

தட்டியது என் விரல்தான். ஆனால் அது பொய் ஆர்டர் இல்லை. அந்தக் கால் இருக்கிறது, அது நடக்கிறது, அதற்குச் செருப்பு வேண்டும். இதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். எந்தப் பேர் வேண்டுமானாலும் போடலாம் என்று நம் வெப்சைட்டே சொல்கிறதே.

ஜோவைத் தைக்கச் சொல். கவனமாகத் தைக்கச் சொல்.

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்து, முன்கூட்டியே.

ஜூடு

*

திருமங்கலம்,
20.4.2025, உயிர்ப்பு ஞாயிறு

என் தங்கத் தம்பிக்கு,

அல்லேலூயா. நாங்கள் நலம் என்று எழுதினால் போதாது. இன்றைக்கு நாங்கள் இருக்கிற இருப்புக்கு வேறு வார்த்தைதான் தேட வேண்டும்.

உன் கடிதத்தை ஜோவிடம் வாசித்துக் காட்டினேன். அவன் கரும்பச்சையைத் தைத்துக் கொடுத்துவிட்டு, "தச்சது தச்சதுதான். ஆனா அந்தக் காலை நான் பாக்கணும் அக்கா. பாத்தாத்தான் கணக்கு" என்றான். பொட்டலத்தை முத்துத்தாய் அத்தையிடம் கொடுத்தேன். அத்தை மறுபடியும் சிரித்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

ஈஸ்டர் சாப்பாட்டுக்கு எப்போதும்போல் ஜோ செல்லூரிலிருந்து காலையிலேயே வந்துவிட்டான். மூன்று பேருமாகக் கோயிலுக்குப் புறப்பட்டோம். வாசல்படி இறங்கும்போது அம்மா, முத்துத்தாய்க்குப் பலகாரம் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லி எங்களை முன்னால் அனுப்பினாள். பிறகு வந்து வழக்கம்போல் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். எனக்குப் பாட்டுக் குழுவில் இடம். பூசையில் என் மனது இல்லை. இருபத்தொன்பதும் ஒன்றும், இருபத்தொன்பதும் ஒன்றும் என்றே ஓடிக்கொண்டிருந்தது. கடவுள் மன்னிக்கட்டும்.

கடைசி ஆசீர்வாதம் முடிந்ததும் நான் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு அவசரமாகப் பெண்கள் வாசலுக்கு வந்தேன். எனக்கு முன்னால் யாரும் வெளியே வந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் படியில் ஏற்கெனவே ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். ஜூடு, அம்மா. முதல் ஆளாக வெளியே வந்து, எல்லாரும் பார்க்கும்படி நடுப்படியில், சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்துக்கொண்டு. காலில் கரும்பச்சைச் செருப்பு. குதிகால் முழுக்க உள்ளே இருந்தது.

அம்மாவின் கால் பெரிய கால் என்று எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தெரியாது. அவள் எப்போதும் கடையில் கிடைத்த பொம்பளைச் செருப்பை வாங்கி, விரலை மடக்கி உள்ளே திணித்து, குதிகாலை வெளியே தரையில் விட்டுத்தான் நடந்திருக்கிறாள். வெடிப்பு அதனால் வந்தது. என்னை மாதிரி ஆம்பளைச் செருப்புப் போடக்கூட அவளுக்குத் துணிச்சல் இல்லை. எண்ணெய் தடவச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், நான் ஒரு கிறுக்கி.

ஜோ ஆண்கள் பக்கமிருந்து வந்து அப்படியே நின்றுவிட்டான். பிறகு படியிலேயே உட்கார்ந்து, வார் எங்காவது அழுத்துகிறதா, குதிகால் ஒட்டுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தான். சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. அம்மா காலை இழுத்துக்கொள்ளவே இல்லை.

"என்ன தம்பி பாக்குற. முப்பதாவது ஆளு நாந்தான்" என்றாள்.

ஜோ தலையை ஆட்டினான். அச்சு எங்கேயும் போகாது என்றான். நான் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். இத்தனை நாள் என்னைத் திட்டிவிட்டு இதென்ன வேலை என்று கேட்டேன். அம்மா என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"நாப்பது வருசமா எல்லாரும் போன பெறகுதான் இந்த வாசலுக்கு வருவேன். நீ அதை ஜெபம்னு நெனச்சியாக்கும்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. பக்கத்தில் நின்ற முத்துத்தாய் அத்தைதான் என்னைவிடச் சத்தமாக அழுதார். அந்தக் கூட்டத்திலேயே இரண்டு பேர் என்னிடம் வெப்சைட் பேரைக் கேட்டார்கள். காதோடு இல்லை, நன்றாகச் சத்தமாகவே கேட்டார்கள்.

கரும்பச்சை என்று நீ எழுதியபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மாவின் சேலையில் பாதி அந்த நிறம்தானே. உன்னைச் சந்தேகப்பட்டதற்கு, நீ வரும்போது உனக்குக் கறிக்குழம்பும் மன்னிப்பும் காத்திருக்கின்றன. அடுத்த துறைமுகத்தில் இறங்கியதும் அம்மாவைக் கூப்பிடு. திண்டுக்கல் பெரியம்மாவிடம் தானே பேசப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உடம்பைக் கவனித்துக்கொள், தம்பி.

இதை எழுதும்போது என் கால் வலிக்கிறது. கோயிலிலிருந்து வீடு வரைக்கும் அம்மா முன்னால் நடந்தாள். நானும் ஜோவும் எட்டி நடந்தும் அவளைப் பிடிக்க முடியவில்லை.

அன்புடன்,
அக்கா ஆனிமேரி